டோக்கன் அச்சடிக்கும் அதிகாரம் யாரிடம்?

எத்தீரியம் பிளாக்செயினில் புழங்கும் ஒரு டோக்கனைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு பேரேடு மட்டுமே. எந்த முகவரியின் பெயரில் எத்தனை டோக்கன் என்று ஒரு பட்டியல். மொத்தம் எத்தனை புழக்கத்தில் என்று ஓர் எண். இந்தப் பேரேட்டையும் அதைத் திருத்துவதற்கான விதிகளையும் சேர்த்துத் தாங்கியிருக்கும் நிரலுக்குத்தான் ஸ்மார்ட் ஒப்பந்தம் என்று பெயர். ஒருவர் மற்றவருக்கு டோக்கன் அனுப்பினால் ஒரு வரியில் கழியும், இன்னொரு வரியில் கூடும், மொத்தம் அப்படியே இருக்கும். புதிதாக அச்சடிக்கும்போது, அதாவது இத்துறையினர் சொல்வதுபோல் ‘மின்ட்’ செய்யும்போது, எந்த வரியிலும் கழிவதில்லை. ஒரு வரியில் கூடும், மொத்தமும் அதே அளவு ஏறும். நிரலில் இது இரண்டு வரி வேலை. தாள், மை, உலோகம் எதுவும் தேவையில்லை. ஒரு டோக்கன் அச்சடிக்க ஆகும் செலவும் ஒரு கோடி அச்சடிக்க ஆகும் செலவும் ஒன்றே. ஆகவே அந்த இரண்டு வரியை இயக்க யாருக்கு அனுமதி என்பதில்தான் டோக்கனின் மதிப்பு முழுவதும் நிற்கிறது.

2015 நவம்பரில் ஃபாபியன் ஃபோகல்ஸ்டெல்லரும் விட்டாலிக் புட்டரினும் முன்வைத்த இஆர்சி-20 என்ற டோக்கன் தரம் இதற்கு விடை தருவதில்லை. இருப்பைக் கேட்பது, அனுப்புவது, தன் கணக்கிலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ள ஒப்புதல் தருவது முதலான ஆறு கட்டாயச் செயற்கூறுகளை அது வரையறுக்கிறது. மின்ட் அவற்றில் இல்லை. புதிய டோக்கன் உருவானால் அது பூஜ்ய முகவரியிலிருந்து வந்ததாக ஒரு நிகழ்வுப் பதிவு எழுத வேண்டும் என்று பரிந்துரைப்பதோடு தரம் நின்றுவிடுகிறது. யார், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் டோக்கனை எழுதுபவரின் விருப்பம். பலரும் பயன்படுத்தும் ஓப்பன்செப்பெலின் நிரல் தொகுப்பிலும் அடிப்படை மின்ட் செயற்கூறு உட்பயனுக்கு மட்டுமே. வெளியிலிருந்து அதை அழைக்க முடியாது. அதற்கு ஒரு வாசல் திறந்து, வாசலில் காவலும் வைப்பது எழுதுபவரின் வேலை. காவல் வைக்க மறப்பது நடக்கக்கூடியதே. இந்த ஒப்பந்தங்கள் எழுதப்படும் சாலிடிட்டி மொழியின் 0.5.0 பதிப்பு 2018 நவம்பரில் வரும்வரை, ஒரு செயற்கூறு வெளியாருக்கா உள்ளுக்கா என்று குறிக்கும் சொல்லை எழுதாமல் விட்டால் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஒரு சொல் விடுபட்டால் முன்பின் தெரியாத எவரும் அச்சடிக்கலாம் என்ற நிலை. அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கியது மொழி செய்துகொண்ட நல்ல திருத்தங்களில் ஒன்று.

மனிதரின் இடத்தில் நிரல்

அச்சடிக்கும் அதிகாரம் ஒரு மனிதரின் வாலட்டிடம் இருப்பதே எளிய ஏற்பாடு. டோக்கனை வெளியிட்டவர் தேவைப்படும்போது அச்சடிப்பார், மற்றவர்கள் அவரை நம்ப வேண்டும். ஆனால் இன்று டோக்கன்கள் செய்யும் பல வேலைகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. ஒருவர் ஈடு வைத்தவுடன் அவருக்குக் கடனாக டோக்கன் பிறக்க வேண்டும். பணம் போட்டு வைத்தவர்களுக்கு ஒவ்வொரு பிளாக்குக்கும் வெகுமதி கணக்காக வேண்டும். ஒரு பிளாக்செயினில் பூட்டப்பட்ட சொத்துக்கு இணையாக மற்றொன்றில் டோக்கன் உருவாக வேண்டும். நள்ளிரவிலும் நடக்கும் இவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஒருவர் கையெழுத்திட்டுக்கொண்டிருக்க முடியாது. எனவே டோக்கன் ஒப்பந்தம் இன்னொரு ஒப்பந்தத்துக்கு அனுமதி தருகிறது: ‘நீ கேட்டால் அச்சடிப்பேன்.’

கேட்பது யார் என்று டோக்கன் எப்படித் தெரிந்துகொள்கிறது? எத்தீரியத்தில் ஒவ்வொரு கணக்கும் 20 பைட் நீளமுள்ள ஒரு முகவரி. கணக்குகளில் இரண்டு வகை. ஒன்று ரகசியச் சாவி வைத்திருப்பவரின் வாலட். மற்றது ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்குச் சாவி கிடையாது, கையெழுத்துப் போடத் தெரியாது, தானாக எழுந்து ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கவும் முடியாது. யாராவது அழைத்தால் தன் நிரலில் எழுதியிருப்பதைச் செய்யும். எழுதியிருந்தால் இன்னொரு ஒப்பந்தத்தை அழைக்கும். அப்படி அழைக்கும்போது, அழைத்தவரின் முகவரியை எத்தீரியத்தின் இயக்கச் சூழலே அழைக்கப்பட்டவரிடம் கொடுக்கிறது. சாலிடிட்டியில் இதன் பெயர் மெசேஜ் சென்டர். இதை அழைப்பவர் தானே நிரப்புவதில்லை என்பதால் போலியாக்க முடியாது. டோக்கன் ஒப்பந்தம் செய்ய வேண்டியது, வந்த முகவரி தன்னிடம் அனுமதி பெற்றதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே. கையெழுத்து, கடவுச்சொல் எதுவும் தேவையில்லாமல் இரண்டு நிரல்களுக்கிடையே நம்பகமான அடையாளம் கிடைத்துவிடுகிறது. பிளாக்செயின் வடிவமைப்பின் அழகான பகுதி இது.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு பொறியும் இருக்கிறது. டிஎக்ஸ் ஆரிஜின் என்ற இன்னொரு மதிப்பு, அழைப்புச் சங்கிலியின் தொடக்கத்தில் பரிவர்த்தனையில் கையெழுத்திட்ட வாலட் எது என்று சொல்லும். அனுமதியைச் சோதிக்க இதைப் பயன்படுத்தினால் உரிமையாளர் வேறெங்கோ செய்யும் ஒரு செயல் ஆபத்தாகும். அவர் ஏதோ ஓர் இலவச டோக்கனைப் பெற ஒரு தீய ஒப்பந்தத்தை அழைக்கிறார் என்று கொள்வோம். அந்த ஒப்பந்தம் உடனே திரும்பி அவருடைய டோக்கனின் மின்ட்டை அழைக்கும். தொடக்கத்தில் கையெழுத்திட்டவர் உரிமையாளர்தான் என்பதால் சோதனை தேறிவிடும். நேரடியாக அழைத்தவரையே பார்க்க வேண்டும், தொடக்கத்தில் நின்றவரை அல்ல.

ஒற்றை உரிமையாளர்: சுஷியின் கதை

ஒப்பந்தத்துக்கு அனுமதி தரும் எளிய வழி, டோக்கனின் உரிமையாளர் என்ற இடத்தில் அந்த ஒப்பந்தத்தின் முகவரியை எழுதிவிடுவது. 2020 ஆகஸ்டில் வந்த சுஷிஸ்வாப் என்ற டோக்கன் பரிமாற்றத் தளம் இதைத்தான் செய்தது. சுஷி டோக்கனின் மின்ட்டை உரிமையாளர் மட்டுமே அழைக்கலாம்; அந்த உரிமையாளர் மாஸ்டர்செஃப் என்ற ஒப்பந்தம். முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை மாஸ்டர்செஃபில் போட்டு வைப்பார்கள். அது கடந்த பிளாக்குகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அதற்குரிய சுஷியை அச்சடிக்கச் சொல்லும். கூடவே பத்தில் ஒரு பங்கை உருவாக்குநர் நிதிக்கும் அச்சடிக்கும்.

இந்த இணைப்பைக் கட்டுவதில் ஒரு வரிசைச் சிக்கல் உண்டு. டோக்கனுக்குச் செஃபின் முகவரி தெரிய வேண்டும், செஃபுக்கு டோக்கனின் முகவரி தெரிய வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் பிறப்பதில்லை. வழக்கமான தீர்வு: முதலில் டோக்கனை நிறுவி, அதன் முகவரியைக் கொடுத்துச் செஃபை நிறுவி, பிறகு டோக்கனின் உரிமையைச் செஃபுக்கு மாற்றுவது. இடைப்பட்ட நேரத்தில் நிறுவியவரே உரிமையாளர். எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பது பிளாக்செயினில் பதிவாகியிருக்கும், ஆனால் யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இடைவெளியே வேண்டாம் என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தின் முகவரி, அதை உருவாக்குபவரின் முகவரியையும் அவரது பரிவர்த்தனை வரிசை எண்ணையும் வைத்துக் கணக்கிடப்படுவதால் முன்கூட்டியே அறிய முடியும். 2019 பிப்ரவரியில் வந்த கிரியேட்2 கட்டளை இதை இன்னும் உறுதியாக்கியது. செஃபே தன் கையால் டோக்கனை நிறுவுவதும் ஒரு வழி.

ஒற்றை உரிமையாளர் முறையின் உண்மையான குறை பின்னால்தான் தெரிந்தது. மாஸ்டர்செஃபின் நிரலில், டோக்கனின் உரிமையை வேறொருவருக்குக் கைமாற்றும் செயற்கூறு எழுதப்படவில்லை. உரிமையாளரே ஒரு நிரல்; அதில் எழுதாததை அது ஒருபோதும் செய்யாது. அச்சடிக்கும் உரிமை அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வேறு வகை வெகுமதிகளைத் தரும் இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டபோது அதற்கு அச்சடிக்கும் அனுமதி கொடுக்க வழியில்லை. பொறியாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். மதிப்பில்லாத ஒரு வெற்று டோக்கனை உருவாக்கி, இரண்டாம் பதிப்பு அதை ஒரு சாதாரண முதலீட்டாளரைப் போல முதல் பதிப்பில் போட்டு வைத்தது. அதற்குக் கிடைக்கும் சுஷியை வாங்கித் தன் பயனர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. கெட்டிக்காரத்தனமான ஒட்டுவேலைதான். இருந்தாலும் அச்சடிக்கும் அனுமதியைப் பற்றி யோசிப்பவர்கள், அதைக் கொடுக்கும் வழியோடு திரும்பப் பெறும் வழியையும் முதல் நாளே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பட்டியலும் பொறுப்புகளும்

ஒருவருக்குப் பதில் பலருக்கு அனுமதி தருவது அடுத்த படி. 2019 நவம்பர் 18 அன்று மேக்கர்டாவோ வெளியிட்ட, பல வகை ஈடுகளை ஏற்றுக் கடனாக அச்சடிக்கப்படும் டாய் டோக்கன் இதற்கு நல்ல உதாரணம். டாய் ஒப்பந்தத்துக்குள் ‘வார்ட்ஸ்’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு முகவரிக்கு நேராக 1 என்று இருந்தால் அனுமதி உண்டு, 0 என்றால் இல்லை. சேர்க்க ‘ரிலை’, நீக்க ‘டினை’ என இரண்டு செயற்கூறுகள். கடன் கணக்குகள் எல்லாம் ‘வாட்’ என்ற மைய ஒப்பந்தத்தில் நடக்கின்றன. அங்கே ஒருவர் பெயரில் இருக்கும் உட்கணக்குத் தொகையை வெளியே எடுத்துச் செல்லும்போது ‘டாய்ஜாயின்’ என்ற சிறிய ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. அது முதலில் வாட்டில் அந்தத் தொகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது, அது வெற்றி பெற்றால் மட்டும் அதே அளவு டாயை அச்சடிக்கச் சொல்கிறது. உள்ளே பூட்டிய பிறகே வெளியே பிறக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். வார்ட்ஸ் பட்டியலில் இருக்கும் எவரும் அச்சடிக்க மட்டுமல்ல, புதியவர்களைப் பட்டியலில் சேர்க்கவும் முடியும். அனுமதி பெற்றவரே அனுமதி கொடுப்பவரும் ஆகிறார். ஒரு மனிதரின் வாலட் அந்தப் பட்டியலில் இருந்தால் இது அச்சம் தரும். டாய்ஜாயின் இருந்தால் அச்சமில்லை; ரிலை செயற்கூறை அழைக்கும் ஒரு வரிகூட அதன் நிரலில் கிடையாது. அதிகாரம் பெரிது, நிரல் சிறிது. ஒரு பக்கத்துக்குள் படித்து முடிக்கக்கூடிய ஒப்பந்தத்திடம் மட்டுமே அச்சடிக்கும் உரிமையைக் கொடுப்பது என்ற இந்தக் கட்டுப்பாடு, எந்த நவீனக் காவல் முறையையும்விட அதிகம் பயன் தந்திருக்கிறது.

இரண்டு அதிகாரங்களையும் பிரித்து வைப்பது ஓப்பன்செப்பெலினின் ஆக்சஸ் கன்ட்ரோல் முறை. இதில் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஓர் அடையாளம் உண்டு. அந்தப் பொறுப்பின் பெயரை ஹேஷ் என்னும் சுருக்கக் கணக்கில் இட்டுக் கிடைக்கும் 32 பைட் எண்தான் அது. அச்சடிப்பவர் ஒரு பொறுப்பு, அழிப்பவர் ஒரு பொறுப்பு, எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பவர் ஒரு பொறுப்பு. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஆள் சேர்க்கவும் நீக்கவும் ஒரு நிர்வாகப் பொறுப்பு உண்டு. வெகுமதி ஒப்பந்தம் அச்சடிக்கலாம், ஆனால் புதிதாக யாரையும் அச்சடிப்பவராக்க முடியாது. நிர்வாகி அச்சடிப்பவர்களை மாற்றலாம், தான் நேரடியாக அச்சடிக்க முடியாது. காகிதத்தில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் நிர்வாகி ஒரு பரிவர்த்தனையில் தன்னையே அச்சடிப்பவராக்கிக்கொண்டு அடுத்த பரிவர்த்தனையில் அச்சடித்துவிடலாம். அதனால் நிர்வாகப் பொறுப்பைத் தனி ஒருவரின் வாலட்டிடம் விடக்கூடாது. ஐந்து பேரில் மூவர் கையெழுத்திட்டால் மட்டுமே இயங்கும் கூட்டு வாலட்டிடம், அல்லது ஓர் ஆணை பிறந்து குறிப்பிட்ட நாட்கள் கழிந்த பிறகே அதை நிறைவேற்றும் டைம்லாக் ஒப்பந்தத்திடம் கொடுப்பது வழக்கம். தாமதம் எரிச்சலூட்டும். ஆனால் தவறான ஆணை ஒன்று வரிசையில் நிற்பதைப் பயனர்கள் கண்டு வெளியேற அந்த நாட்கள்தான் உதவும்.

எவ்வளவு என்ற கேள்வி

இதுவரை சொன்ன முறைகள் எல்லாம் ‘யார்’ என்று மட்டும் கேட்கின்றன. ஆம் அல்லது இல்லை. ஆம் என்று பதில் வந்துவிட்டால் தொகைக்கு வரம்பில்லை. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைக்கு இணையானது இது. 2018 செப்டம்பரில் வெளிவந்த யுஎஸ்டிசி டாலர் டோக்கன் வேறு மாதிரி யோசித்தது. அதில் மாஸ்டர் மின்டர் என்றொரு பொறுப்பு இருக்கிறது. அது அச்சடிப்பவரை நியமிக்கும்போதே அவர் அதிகபட்சம் எவ்வளவு அச்சடிக்கலாம் என்ற தொகையையும் எழுதுகிறது. ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் அந்தத் தொகை குறையும். தீர்ந்துவிட்டால் மீண்டும் நிரப்பும்வரை அவருடைய அழைப்பு மறுக்கப்படும். ஓர் அச்சடிப்பவரின் சாவி திருடுபோனாலும் நஷ்டம் மிச்சமிருக்கும் தொகையோடு நின்றுவிடும்.

யுனிஸ்வாப்பின் யுனி டோக்கன் வரம்பைக் காலத்தோடு கட்டியது. 2020 செப்டம்பரில் 100 கோடி டோக்கன்கள் பிறந்தன. நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே மேலும் அச்சடிக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு மின்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 365 நாட்கள், ஒரு தடவைக்கு அப்போதைய மொத்தத்தில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. இந்த வரம்புகள் டோக்கனின் சொந்த நிரலுக்குள் மாறிலிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. அச்சடிப்பவர் மாறலாம், வரம்பு மாறாது.

2023இல் ஆர்ஜுன் பூப்தானி முன்மொழிந்த எக்ஸ்இஆர்சி-20 என்ற தரம் இந்த எண்ணத்தைப் பிளாக்செயின்களுக்கு இடையிலான பாலங்களுக்குக் கொண்டுபோனது. ஒரே டோக்கனைப் பல பாலங்கள் அச்சடிக்கும் சூழலில், ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனியாக அச்சடிக்கும் வரம்பும் அழிக்கும் வரம்பும் விதிக்கப்படுகின்றன. பயன்படுத்திய வரம்பு சிறிது சிறிதாக நிரம்பி ஒரு நாளில் முழுமையாகும். ஒரு பாலம் உடைந்தால் அதன் ஒரு நாள் வரம்பு மட்டுமே போகும், மற்றப் பாலங்கள் தப்பும்.

வரம்பு திருடர்களிடமிருந்து மட்டும் காப்பதில்லை. 2025 அக்டோபர் 15 அன்று பேபாலின் டாலர் டோக்கனை வெளியிடும் பாக்ஸோஸ் நிறுவனம் தவறுதலாக 300 லட்சம் கோடி டோக்கன்களை அச்சடித்துவிட்டது. ஒரு டோக்கன் ஒரு டாலர் என்று கணக்கிட்டால் இது உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் ஈட்டும் மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுமார் இருபது நிமிடங்களில் அத்தனையும் அழிக்கப்பட்டது, யாருக்கும் பணம் போகவில்லை. ஊடுருவல் எதுவும் இல்லை, உள்ளே நடந்த தொழில்நுட்பப் பிழை என்று நிறுவனம் அறிவித்தது. அச்சடித்தவருக்கு முறையான அனுமதி இருந்தது. யார் என்று மட்டும் கேட்கும் காவலால் இப்படிப்பட்ட தவறைத் தடுக்க முடியாது.

அனுமதி பெற்றவரின் வழியாக

டோக்கனின் காவல் சரியாக இருந்தும் டோக்கன் வீழ்ந்த நிகழ்வுகள்தான் இந்தத் துறையில் அதிகம் கற்றுத் தருகின்றன. 2020 டிசம்பர் 28 அன்று கவர் புரோட்டோகாலுக்கு நேர்ந்தது அப்படிப்பட்டது. கவர் டோக்கனை அச்சடிக்க அனுமதி பெற்றிருந்தது பிளாக்ஸ்மித் என்ற வெகுமதி ஒப்பந்தம். ஒருவர் பணம் போடும்போது, அவர் வருவதற்கு முன்பே சேர்ந்திருந்த வெகுமதியை அவர் கணக்கில் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் உழைக்காத காலத்துக்கும் கூலி கிடைக்கும். பிளாக்ஸ்மித் கணக்கு விவரத்தைத் தற்காலிக நினைவகத்தில் ஒரு நகலாக எடுத்துக்கொண்டது, பிறகு சேமிப்பில் இருந்த மூலத்தைப் புதுப்பித்தது, ஆனால் கழிவைக் கணக்கிடப் பழைய நகலையே பயன்படுத்தியது. பழைய விகிதத்தில் கழித்து, புதிய விகிதத்தில் கொடுத்தது. இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கும் வழி கண்டவர்கள் 4 லட்சம் கோடி கோடிக்கும் மேற்பட்ட கவர் டோக்கன்களை அச்சடிக்க வைத்தார்கள். டோக்கன் ஒப்பந்தம் ஒவ்வொரு அழைப்பிலும் அழைத்தவரைச் சரிபார்த்தது. அழைத்தவர் ஒவ்வொரு முறையும் பிளாக்ஸ்மித்தான். சோதனையில் தவறே இல்லை.

அதிகாரம் உள்ள ஒரு நிரலை, அதிகாரம் இல்லாத ஒருவர் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் இந்தச் சிக்கல் பிளாக்செயினைவிட மிகப் பழையது. கணினி அறிவியலாளர் நார்ம் ஹார்டி 1988இலேயே இதற்கு ‘குழம்பிய பிரதிநிதி’ என்று பெயர் சூட்டி எழுதியிருக்கிறார். 2021 ஆகஸ்டில் பாலி நெட்வொர்க் இழந்த சுமார் 61 கோடி டாலர் அதற்குத் தெளிவான உதாரணம். அங்கே போனது அச்சடித்த டோக்கன் அல்ல, பூட்டி வைத்திருந்த சொத்து. அனுமதிச் சங்கிலி மட்டும் அதேதான். வேறு பிளாக்செயின்களிலிருந்து வரும் செய்திகளைச் சரிபார்த்து, அவற்றில் குறிப்பிட்ட ஒப்பந்தத்தை அழைக்கும் ஒரு மேலாளர் ஒப்பந்தம் அங்கே இருந்தது. செய்திகளுக்குச் சான்று கூறுபவர்களின் பொதுச்சாவிகளை வேறொரு தரவு ஒப்பந்தம் வைத்திருந்தது. அந்தத் தரவு ஒப்பந்தத்தின் உரிமையாளர் இந்த மேலாளரே. தாக்கியவர், சாவிகளை மாற்றும் செயற்கூறை அழைக்கச் சொல்லி மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினார். செயற்கூறுகளை அடையாளம் காட்டுவது அவற்றின் பெயர் ஹேஷின் முதல் 4 பைட் மட்டுமே என்பதால், அதே 4 பைட் வரும் வேறு ஒரு பெயரைத் தேடிப் பிடித்து எழுதினார். மேலாளர் சொன்னபடி செய்தது, சாவிகள் மாறின, சொத்தும் வெளியேறியது. பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது. யாரை வேண்டுமானாலும் அழைக்கும் ஒப்பந்தத்திடம் முக்கியமான எந்த அனுமதியும் இருக்கக்கூடாது என்பது அன்றிலிருந்து தணிக்கையாளர்களின் முதல் விதிகளில் ஒன்று.

டோக்கனை வீழ்த்த மற்றொரு வழி, நிரலை அப்படியே மாற்றிவிடுவது. பல ஒப்பந்தங்கள் இன்று ப்ராக்ஸி முறையில் நிறுவப்படுகின்றன: முகவரியும் பேரேடும் ஓரிடத்தில், விதிகள் வேறிடத்தில். நிர்வாகி விதிகள் இருக்கும் இடத்தை மாற்றினால் முகவரி மாறாமலே நடத்தை மாறிவிடும். பிழை திருத்த வசதி. திருடவும் அதே வசதி. 2021 மார்ச்சில் பெய்ட் நெட்வொர்க்கின் சாவியைப் பெற்ற ஒருவர் டோக்கனின் நிரலை மாற்றிச் சுமார் 5.9 கோடி டோக்கன்களை அச்சடித்தார். 2022 டிசம்பரில் ஆங்க்ர் நிறுவனத்தின் ஏபிஎன்பிசி டோக்கனுக்கும் இதே கதி. புதிய நிரலில் எந்தச் சோதனையும் இல்லாத ஒரு மின்ட் வாசல் திறந்து வைக்கப்பட்டது. பல லட்சம் கோடி டோக்கன்கள் பிறந்து விலை சரிந்த பின்னும், அந்த டோக்கனை ஈடாக ஏற்ற வேறொரு கடன் தளம் பழைய விலையையே நம்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வெளியேறியது. 2024 மே 20 அன்று காலா கேம்ஸில் 500 கோடி டோக்கன்கள் அச்சடிக்கப்பட்டபோது நிரலை மாற்ற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அனுமதி உள்ள ஒரு கணக்கு தவறான கைக்குப் போயிருந்தது. பட்டியலில் இனித் தேவையில்லாத முகவரிகளை நீக்குவது யாருக்கும் அவசரமான வேலையாகத் தெரிவதில்லை; விபத்துகளோ அந்தச் சோம்பலில்தான் பிறக்கின்றன.

பட்டியல் இல்லாத முறைகள்

எத்தீரியத்தின் அணுகுமுறை பெயர்ப் பட்டியல் பார்ப்பது. வேறு தளங்கள் வேறு வழிகளில் போகின்றன. சொலானாவில் ஒவ்வொரு டோக்கனுக்கும் ‘மின்ட் அத்தாரிட்டி’ என்ற ஒரே ஒரு முகவரி. அதை வெறுமையாக்கினால் இனி எவராலும் அச்சடிக்க முடியாது. ஒரு நிரலிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்க, ரகசியச் சாவியே இருக்க முடியாத ஒரு சிறப்பு முகவரி கணக்கிடப்படுகிறது. அதன் சார்பில் அந்த நிரல் மட்டுமே பேசலாம் என்று இயக்கச் சூழல் உறுதி செய்கிறது. சாவியே இல்லாததால் திருடுபோகவும் வழியில்லை. இருந்தும் 2022 பிப்ரவரி 2 அன்று வார்ம்ஹோல் பாலத்தின் வழியாக எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈதர் 1,20,000க்கு இணையான டோக்கன்கள் சொலானாவில் ஈடின்றிப் பிறந்தன. கையெழுத்துகளைச் சரிபார்த்ததாகச் சொல்லும் அமைப்புக் கணக்குக்குப் பதில் ஒரு போலிக் கணக்கைத் தாக்கியவர் கொடுத்தார், பாலம் அதைச் சோதிக்காமல் நம்பியது. இழப்பு 32 கோடி டாலருக்கும் மேல். அச்சடிக்கும் முகவரி பாதுகாப்பாகத்தான் இருந்தது.

சுய் பிளாக்செயினில் பட்டியலே கிடையாது. ஒரு நாணயம் உருவாகும்போது ‘ட்ரெஷரிகேப்’ என்ற ஒரு பொருளும் பிறக்கிறது. அச்சடிக்கும் செயற்கூறு அந்தப் பொருளைக் கையில் கேட்கும். யார் கொண்டுவந்தார் என்று பார்ப்பதில்லை. மூவ் மொழியின் விதிப்படி அதை நகலெடுக்க முடியாது, கைமாற்றலாம், வேறொரு பொருளுக்குள் வைத்துப் பூட்டலாம். அச்சடிக்கும் உரிமை இப்போது எங்கே என்று கேட்டால் அந்தப் பொருள் எங்கே என்று தேடினால் போதும். குழம்பிய பிரதிநிதிச் சிக்கலுக்கு ஹார்டி சொன்ன தீர்வும் ஏறத்தாழ இதுவே.

அனுமதியே வேண்டாத டோக்கனும் உண்டு. ஈதரை இஆர்சி-20 வடிவில் பயன்படுத்த உதவும் ரேப்ட் ஈதரில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், போட்ட ஈதருக்குச் சமமாக மட்டும். எந்த நேரத்திலும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஈதரைவிட வெளியே இருக்கும் டோக்கன் கூடுதலாக இருக்க முடியாது. இப்படி ஒரு மாறா விதியை நிரலே காக்குமானால் யார் அழைத்தால் என்ன? முடிந்த இடங்களில் இந்த வழியே சிறந்தது. டாயைப் போல ஈட்டின் விலையை வெளியிலிருந்து கேட்டறிய வேண்டிய இடங்களில்தான் அனுமதிப் பட்டியல்கள் தவிர்க்க முடியாதவை ஆகின்றன.

ஒரு டோக்கனை வாங்க நினைப்பவர் இவற்றைத் தாமே பார்க்கலாம். ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களில் ஒப்பந்தத்தின் மூலநிரலைத் திறந்து மின்ட் செயற்கூறு இருக்கிறதா, அதன் முன் என்ன சோதனை இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அனுமதி உள்ள முகவரி வாலட்டா ஒப்பந்தமா, ஒப்பந்தமானால் அது ப்ராக்ஸியா, ப்ராக்ஸியானால் அதன் நிர்வாகி யார் என்று சங்கிலியைப் பின்தொடர வேண்டும். ஆக்சஸ் கன்ட்ரோலின் எளிய வடிவம் பொறுப்பில் உள்ளவர்களின் பட்டியலைத் தருவதில்லை. பொறுப்பு வழங்கிய, பறித்த நிகழ்வுப் பதிவுகளைத் தொடக்கத்திலிருந்து படித்துத்தான் தொகுக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் எல்லாம் இலவசமாகத் திறந்து கிடக்கும் தகவல். மூலநிரலை வெளியிடாத டோக்கனில் மட்டும் இது எதையும் எளிதில் படிக்க முடியாது. அப்படிப்பட்டதை வாங்காமல் இருப்பதே நல்லது.